வலிப்பு இல்லாத நேரத்து அலைகள்

மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்கப் போகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லி அனுப்பிவிடுவார்கள். தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வர வேண்டும். குழந்தையாக இருந்தால் இரவு நேரங்கழித்துத் தூங்கவைத்து, விடியும் முன்பே எழுப்பிவிட வேண்டும். மறுநாள் டெக்னீஷியன் ஒரு டேப்பை எடுத்து மூக்கின் வேரிலிருந்து பிடரி மேடு வரைக்கும், ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் அளப்பார். அந்த நீளத்தில் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று கணக்குப் பார்த்து மை வைப்பார். வைத்த இடத்தை மணல்போல் நறநறக்கும் ஒரு களிம்பால் தேய்த்து, பசை தடவி, 21 எலெக்ட்ரோடுகளை ஒட்டுவார். கண்ணை மூடு, கண்ணைத் திற, மூன்று நிமிஷம் நன்றாக மூச்சை இழுத்து இழுத்து விடு. பிறகு பளிச் பளிச்சென்று ஒரு விளக்கு. பிறகு, முடிந்தால் தூக்கம். எல்லாம் சேர்த்து அரைமணி நேரம்.

ரிப்போர்ட் வந்ததும் குழப்பம் தொடங்கும். "நார்மல்னு போட்டிருக்கே டாக்டர், அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்று கேட்பவர்கள் பாதிப் பேர். வாழ்நாளில் ஒருமுறைகூட ஃபிட்ஸ் வராத பிள்ளைக்கு, தலைவலி என்று போன இடத்தில் இந்தச் சோதனையையும் எடுத்து, 'அப்நார்மல்' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வந்து தூக்கமிழப்பவர்கள் இன்னொரு சாரார். இரண்டு பேர் கேட்பதும் நியாயமான கேள்வி. வலிப்பு வருவது மாதத்தில் இரண்டு நிமிஷம் என்றால், சோதனை நடப்பதோ வலிப்பே இல்லாத ஓர் அரைமணி. அந்த நேரத்து அலைகளை வைத்து என்ன சொல்ல முடியும், எதைச் சொல்லக் கூடாது? கால்கை வலிப்பு ஆராய்ச்சி தொண்ணூறு ஆண்டுகளாகச் சுற்றிச் சுற்றி வருவது இந்தக் கேள்வியைத்தான்.

மூளையில் மின்சாரம் உண்டு என்பது 1875-இலேயே தெரிந்துவிட்டது. லிவர்பூல் மருத்துவர் ரிச்சர்டு கேட்டன் முயல், குரங்கு ஆகியவற்றின் மூளைமேல் மின்முனைகளை வைத்து, கால்வனோமீட்டரில் முள் அசைவதைப் பார்த்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, வலிப்பு என்பது மூளையின் சாம்பல்நிறப் பகுதியில் திடீரென, அளவுமீறி, வேகமாக நடக்கும் ஒரு வெளியேற்றம் என்று லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் எழுதியிருந்தார். கருவி எதுவும் இல்லாமல், நோயாளியின் கட்டைவிரலில் தொடங்கிய துடிப்பு கை, முகம் என்று ஏறுவதைப் பார்த்தே அவர் சொன்னது அது. இந்த இரண்டும் ஒன்றுசேர அறுபது ஆண்டு பிடித்தது.

மனித மூளையின் அலையை முதலில் பதிந்தவர் ஜெர்மனியின் யேனா நகர மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அவர் தேடப்போனது வலிப்பை அல்ல. இளமையில் ராணுவத்தில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து சாகப் பிழைத்தார். அதே நாளில் தூரத்து ஊரில் இருந்த அவர் அக்கா மனம் பதைத்துத் தந்தி அடிக்கவைத்தாராம். மனசிலிருந்து மனசுக்குப் போகும் அந்த ஏதோ ஒன்றைப் பிடித்துவிட முடியும் என்று நம்பி மூளைக்குள் இறங்கிய மனிதர் அவர். 1924-இல் பதிவு கிடைத்தது. அதை நம்ப அவருக்கே ஐந்து ஆண்டு ஆனது. கட்டுரை வெளிவந்தது 1929-இல். மற்றவர்கள் நம்பியது, 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் அதையே செய்துகாட்டிய பிறகு. தேடிய தொலைவுணர்வு கிடைக்கவில்லை. கிடைத்தது நரம்பியலுக்கே ஒரு புதிய கருவி.

அதை வலிப்பின்மேல் திருப்பியவர்கள் பாஸ்டன்காரர்கள். ஃப்ரெடெரிக் கிப்ஸ், ஹாலோவெல் டேவிஸ், வில்லியம் லென்னக்ஸ் மூவரும் 1935-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் பாடப் புத்தகங்களின் முதல் படம். பேச்சின் நடுவே பத்து விநாடி உறைந்து, விழி மட்டும் படபடத்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடரும் பிள்ளைகளை வாத்தியார்கள் கனவு காண்கிறவர்கள் என்று திட்டிக்கொண்டிருந்த காலம். அந்தப் பத்து விநாடியில் விநாடிக்கு மூன்று என்ற கணக்கில் ஒரு கூர்முனை (ஸ்பைக்), ஒரு மெதுவான மெத்தை அலை, மறுபடி ஒரு கூர்முனை, ஒரு மெத்தை அலை என்று அச்சடித்தாற்போல் இரு பக்க மூளையிலும் ஓடியது. மூன்று நிமிஷம் மூச்சை இழுத்துவிடச் சொன்னால் வேண்டும்போது வரவழைக்கவும் முடிந்தது. மருத்துவத்தில் இவ்வளவு சுத்தமான சான்று அபூர்வம்.

அந்தச் சுத்தம்தான் பிறகு வந்தவர்களை வழிதவறவும் வைத்தது என்பது என் கணிப்பு. ஒரு நோய்க்கு ஒரு கையெழுத்து கிடைத்ததும், எல்லா நோய்க்கும் அப்படி ஒன்று இருக்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. கிப்ஸும் அவர் மனைவி எர்னாவும் 1951-இல், தூக்கக் கிறக்கத்தில் வரும் '14, 6 பாசிட்டிவ் ஸ்பைக்' என்ற ஓர் அலையை வர்ணித்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் தலைவலி, வயிற்றுவலி, கோபம், பள்ளியில் அடங்காமை, குற்ற மனம் வரைக்கும் எத்தனையோ அதன் தலையில் கட்டப்பட்டன. நல்ல ஆரோக்கியமான விடலைப் பிள்ளைகளைத் தூங்கவைத்துப் பதிந்து பார்த்தபோது அவர்களில் பலருக்கும் அது இருந்தது. இன்று அது சாதாரண அலை வகைகளில் ஒன்று. அதே தம்பதிதான் 1952-இல் குழந்தைகளின் வெஸ்ட் நோய்க்குரிய தாறுமாறான அலைக் குவியலுக்கு 'ஹிப்ஸ்அரித்மியா' என்று பெயரிட்டவர்கள். அது இன்றும் கைக்குழந்தைகளின் மூளையைக் காப்பாற்ற உதவும் அடையாளம். ஒரே கண்கள், ஒரே கருவி. ஒன்று நிலைத்தது, ஒன்று போனது.

அந்த அரைமணி அலைகளிடம் கேட்கும் முதல் கேள்வி, நோயறிதல். இதில் எண்கள் தெளிவாகவே இருக்கின்றன. வலிப்பு நோய் உறுதியானவர்களிடம் 1987-இல் வெளியான ஒரு ஆய்வில், முதல் இ.இ.ஜி.யில் அசாதாரண ஸ்பைக் தென்பட்டது ஏறத்தாழ 50 சதவீதம் பேருக்கு. நான்கு முறை எடுத்தபோது அது 92 சதவீதமானது. ஆக, முதல் ரிப்போர்ட் 'நார்மல்' என்பது நாணயம் சுண்டிப்பார்ப்பதைவிடப் பெரிதாக எதையும் சொல்வதில்லை. மறுபக்கம், பிரிட்டிஷ் விமானப்படையில் சேர வந்த 17 முதல் 25 வயதுக்குட்பட்ட 13,658 ஆண்களுக்கு எடுத்ததில், சந்தேகமில்லாத வலிப்பு அலை இருந்தது 69 பேரிடம், அதாவது 0.5 சதவீதம். அவர்களில் பெரும்பாலோருக்குப் பின்னாளிலும் வலிப்பு வரவில்லை. ஸ்பைக் இருந்தால் சந்தேகத்துக்கு வலு சேரும். இல்லாவிட்டால் சந்தேகம் தீராது. அனைத்துலக வலிப்பு எதிர்ப்புக் கழகத்தின் 2014 வரையறை இதற்கு ஏற்றாற்போல்தான் அமைந்தது: காரணமின்றி ஒரே ஒரு வலிப்பு வந்திருந்தாலும், மறுபடி வரும் வாய்ப்பு குறைந்தது அறுபது சதவீதம் என்று தெரிந்தால் அது நோய். அந்த வாய்ப்பை எடைபோடும் இடத்தில்தான் ஸ்பைக்குக்கு வேலை.

பாதிப் பேருக்கு ஏன் தெரிவதில்லை? எலெக்ட்ரோடுக்கும் மூளைக்கும் நடுவே தோல், மண்டையோடு, நீர், சவ்வு எல்லாம் இருக்கின்றன. திருவிழாக் கூட்டத்தைக் கோயில் மதிலுக்கு வெளியே நின்று கேட்பது போன்றது இது. ஒருவர் கத்தினால் கேட்காது, எல்லோரும் சேர்ந்து 'அரோகரா' என்றால் கேட்கும். மூளைப் புறணியில் பல சதுர சென்டிமீட்டர் பரப்பு ஒரே நேரத்தில் துடித்தால்தான் வெளியே ஒரு ஸ்பைக்காகத் தெரியும் என்பது மூளைக்கு மேலும் தலைக்கு மேலும் ஒரே சமயத்தில் பதிந்து கண்டது. மடிப்புக்குள்ளோ அடியிலோ இருக்கும் சிறிய புண்பகுதி எவ்வளவு கொந்தளித்தாலும் வெளியே அமைதிதான்.

இல்லாததைப் பார்ப்பது இதற்கு நேர்மாறான பிழை, இன்னும் ஆபத்தானது. நெற்றிப்பொட்டுப் பக்கம் கிறக்கத்தில் வரும் வளைவான சாதாரண அலைகளை ஸ்பைக் என்று படித்து, மயக்கமடைந்து விழுந்தவருக்கு வலிப்பு மாத்திரை எழுதுவது உலகம் முழுக்க நடக்கிறது. நம் ஊரில் அதன் விலை மாத்திரைச் செலவோடு முடிவதில்லை. ஓட்டுநர் உரிமம் போகும், வேலை போகும், பெண்ணானால் கல்யாணப் பேச்சு நின்றுபோகும். ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போது இவை அத்தனையும் கூடவே போகின்றன.

இனி, அந்த ஸ்பைக் என்பதுதான் என்ன? 1964-இல் மட்சுமோட்டோவும் அஜ்மோன்-மார்சனும் பூனையின் புறணிமேல் பென்சிலின் வைத்து, ஒற்றை நரம்புச் செல்லுக்குள் நுண்ணிய மின்முனையைச் செலுத்திப் பார்த்தார்கள். வெளியே ஒரு ஸ்பைக் தெரியும் ஒவ்வொரு முறையும் உள்ளே செல்லின் மின்னழுத்தம் சட்டென்று ஏறி, சில பத்து மில்லிவிநாடிகள் அங்கேயே நின்று, அதன்மேல் துடிப்புகள் சரமாகக் கிளம்பின. அடுத்து ஆழமான ஓர் அடக்கம். ஸ்பைக்கைத் தொடரும் மெத்தை அலை பெரும்பாலும் அந்த அடக்கத்தின் தடம். தூண்டுதலும் தடுப்பும் ஒரே படத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன என்பதால் ஒரு பழைய சண்டை மூண்டது: ஸ்பைக் வலிப்பின் விதையா, அல்லது வலிப்பை அணைக்கும் கையா?

இரண்டு பக்கமும் சாட்சிகள் உண்டு. விலங்கின் மூளைத் துண்டுகளில், நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியிலிருந்து சீராக வரும் ஸ்பைக்குகளை வெட்டித் துண்டித்தால், பக்கத்துப் பகுதியில் முழு வலிப்பே வெடிக்கிறது. மறுபக்கம், மூளையில் அடிபட்ட எலிகளில் முதல் வலிப்பு வருவதற்கு முன்பே ஸ்பைக்குகள் வந்துவிடுகின்றன. மனிதர்களில் மான்ட்ரியாலின் ஜான் காட்மன் 1980-களில் எண்ணிப் பார்த்ததுதான் எல்லோரையும் திகைக்கவைத்தது. வலிப்புக்கு முன் ஸ்பைக் கூடும் என்று எதிர்பார்த்தார்கள், கூடவில்லை. கூடியது வலிப்புக்குப் பிறகு. மருந்தைக் குறைத்தாலும் உடனே கூடவில்லை. அதன் விளைவாக வலிப்பு வந்த பின்பே கூடியது. ஸ்பைக்கை எண்ணி வலிப்பை முன்கூட்டிச் சொல்லலாம் என்ற எண்ணத்துக்கு அன்றோடு திரை விழுந்ததாகத்தான் பலரும் நினைத்தார்கள். அது தவறான முடிவு என்பது முப்பது ஆண்டு கழித்துத் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அறுவை மருத்துவர்களின் கேள்வி வேறு: எந்த இடத்தை வெட்டுவது? மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டு நோயாளியை விழிப்பில் வைத்தே மண்டையைத் திறந்து, ஹெர்பர்ட் ஜாஸ்பர் புறணிமேல் பதிய, இருவரும் சேர்ந்து வகுத்த முறைதான் இன்றும் அடிப்படை. எலெக்ட்ரோடு வைக்கும் பத்து-இருபது சதவீத அளவுமுறையும் ஜாஸ்பரின் பெயரில் 1958-இல் வந்ததே. அங்கே பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1952-இல் வலிப்புக்கான அறுவையும் அங்கே நடந்தது. பாரிஸில் தலைராக்கும் பாங்கோவும் மண்டையில் சிறு துளைகள் வழியே ஆழத்துக்கு மின்முனைகளை இறக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இத்தனையிலும் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று: ஸ்பைக் எழும் பரப்பு பெரியது, வலிப்பு தொடங்கும் இடம் சிறியது. ஸ்பைக் தெரிகிற இடமெல்லாம் வெட்டத் தேவையில்லை, வெட்டவும் கூடாது.

அப்படியானால் ஸ்பைக்கைவிடக் கூர்மையான அடையாளம் வேண்டும். 1999-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் குழு ஒன்று விநாடிக்கு 250 முதல் 500 வரை துடிக்கும் மிக வேகமான அலைகளை மனித ஹிப்போகாம்பஸில் கண்டது. பழைய கருவிகளின் பேனாவுக்கு எட்டாத வேகம். அடுத்த இருபது ஆண்டும் கருத்தரங்குகளில் இதே பேச்சு. ஸ்பைக்கின் காலம் முடிந்தது என்றவர்கள் உண்டு. பிறகு நெதர்லாந்தில் ஒழுங்காகச் சீட்டுக் குலுக்கி ஒரு சோதனை நடத்தினார்கள். 2022-இல் முடிவு வந்தது. அறுவை நடக்கும்போதே வேக அலையைப் பார்த்து வெட்டிய குழு, பழைய ஸ்பைக்கைப் பார்த்து வெட்டிய குழுவுக்குக் குறையாத பலன் பெற்றதாக நிறுவ முடியவில்லை. இதைத் தோல்வி என்று பேசுவோர் உண்டு. இருபது ஆண்டு ஆர்வத்தைத் துணிந்து சோதனைக்கு நிறுத்தியதற்காக நான் அந்தக் குழுவை மதிக்கிறேன்.

அறிவும் நினைவும் சம்பந்தப்பட்ட கேள்விதான் பெற்றோருக்கு நெருக்கமானது. வலிப்பு வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே ஓடும் ஸ்பைக்குகள் பிள்ளையின் படிப்பைக் கெடுக்குமா? 1939-இலேயே ராபர்ட் ஷ்வாப் விநாடிக்கு மூன்று அலை ஓடும்போது பொத்தானை அழுத்தச் சொல்லிப் பார்த்து, பதில் தாமதிப்பதையும் தவறிப்போவதையும் கண்டார். ஹிப்போகாம்பஸுக்குள் மின்முனை வைத்த நோயாளிகளிடம் 2013-இல் செய்த ஆய்வு இன்னும் நுட்பமானது: நினைவிலிருந்து ஒன்றை எடுக்க முயலும் அந்தக் கணத்தில் ஸ்பைக் விழுந்தால் நினைவு நழுவுகிறது, வேறு நேரத்தில் விழுந்தால் அவ்வளவு பாதிப்பில்லை.

இதன் உச்சம் 1971-இல் மார்செய்யில் வர்ணிக்கப்பட்ட நிலை. பகலில் பெரிய பிரச்சினை தெரியாத பிள்ளைக்குத் தூங்கியதும் ஸ்பைக் ஆரம்பித்து, ஆழ்ந்த தூக்கத்தின் 85 சதவீதத்துக்கு மேல் இடைவிடாமல் ஓடுகிறது. மாதங்கள் போகப்போக அந்தப் பிள்ளை கற்ற கணக்கு, பேச்சு, பழகும் விதம் எல்லாம் தேய்கின்றன. பேச்சு மட்டும் தனியாகத் தேய்வதை லாண்டாவும் க்ளெஃப்னரும் 1957-இலேயே எழுதியிருந்தார்கள். அன்றுவரை நன்றாகப் பேசிய பிள்ளை கூப்பிட்டால் திரும்பாது. காது கேட்கவில்லை என்று காதுப் பரிசோதனைக்கு அழைத்துப்போவார்கள். காது சரியாகவே இருக்கும். இங்கே வலிப்பு இரண்டாம் பட்சம், அலையே நோய். 'நோயாளிக்கு வைத்தியம் பார், ரிப்போர்ட்டுக்குப் பார்க்காதே' என்று எல்லா மருத்துவ மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கும் பாடம் பொருந்தாத அபூர்வமான இடங்களில் இது ஒன்று என்று சொல்லலாம். ஆனால் ரோலண்டிக் வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கும் தூக்கத்தில் ஸ்பைக் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் பதினைந்து, பதினாறு வயதுக்குள் எல்லாம் ஓய்ந்து நன்றாக வளர்ந்துவிடுகிறார்கள். எந்த அளவுக்கு மேல் போனால் மருந்து தர வேண்டும் என்ற கோட்டை இன்னும் யாரும் உறுதியாக வரையவில்லை. பள்ளி மதிப்பெண்ணையும் பேச்சையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கும் பெற்றோரின் கண்தான் இதில் பாதி சோதனை.

கணினித் துறையினர் எழுதும் கட்டுரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் வலிப்பு அலையைப் பிரித்தறிவது பிராஜெக்ட்டுக்கும் பிஎச்.டி.க்கும் விருப்பமான தலைப்பு. 'துல்லியம் 99 சதவீதம்' என்று முடியும் கட்டுரைகள் மலைபோல் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி 2001-இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் பொதுவில் வைத்த ஒரே தொகுப்பை நம்பியவை: ஐந்து பிரிவு, பிரிவுக்கு நூறு துண்டு, துண்டுக்கு 23.6 விநாடி. அதில் ஆரோக்கியமானவர்களின் அலை தலைக்கு மேலிருந்து பதிந்தது. வலிப்பு அலையோ மூளைக்குள்ளிருந்து பதிந்தது. இரண்டையும் பிரித்துக்காட்டும் நிரல் வலிப்பைத்தான் கண்டுபிடித்ததா, மின்முனை எங்கே இருந்தது என்பதைக் கண்டுபிடித்ததா? கண் சிமிட்டல், தாடை அசைவு, வியர்வை எதுவும் இல்லாமல் தேர்ந்தெடுத்துச் சுத்தம் செய்த துண்டுகள் அவை. தொகுப்பை வெளியிட்டவர்கள் மேல் குற்றமில்லை. அவர்களின் நோக்கம் வேறு. இருபது ஆண்டாக அதே ஐந்நூறு துண்டுகளை அரைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை ஒரு அரசு மருத்துவமனையின் இ.இ.ஜி. அறையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்துவிட்டு வரலாம். வேறு விதமாக, பல்லாயிரம் உண்மையான மருத்துவமனைப் பதிவுகளில் நிபுணர்கள் குறித்ததைக் கற்று, பிறகு வேறு மருத்துவமனைகளின் பதிவில் சோதிக்கப்பட்ட நிரல்களும் அண்மையில் வந்திருக்கின்றன. நரம்பியல் மருத்துவரே இல்லாத ஊர்களுக்கு உண்மையில் பயன்படப்போவது அவைதான்.

மிச்சம் இருப்பது காலம் பற்றிய கேள்வி: வலிப்பு எப்போது வரும்? 2010-இலிருந்து மெல்போர்னில் மார்க் குக் குழு, மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள 15 பேரின் மண்டைக்குள் மின்முனைகளை நீண்ட காலத்துக்குப் பொருத்தியது. கையில் ஒரு சிறு கருவி. ஆபத்து குறைவென்றால் நீல விளக்கு, கூடுதலென்றால் சிவப்பு. 2013-இல் வெளியான முடிவில் முதல் ஆச்சரியம், நோயாளிகள் நாட்குறிப்பில் எழுதிய வலிப்புக்கும் கருவி எண்ணியதற்கும் இருந்த தூரம். பலருக்கு வந்ததில் பெரும்பகுதி அவர்களுக்கே தெரியவில்லை. மருந்துச் சோதனைகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட நாட்குறிப்புகளை நம்பித்தான் நடக்கின்றன. கருவியைச் செய்த நிறுவனம் பணமின்றி மூடியபோது, அதை எடுக்க மனமில்லாமல் வீட்டை அடமானம் வைத்தாவது வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்ட நோயாளியும் உண்டு.

இன்னொரு கருவி, அமெரிக்காவில் 2013-இல் அனுமதி பெற்றது. வலிப்பு கிளம்பும்போது சின்ன மின்தூண்டல் கொடுத்து அணைப்பது அதன் வேலை. வேலைக்கு நடுவே அது ஸ்பைக்குகளை மணிவாரியாக எண்ணிச் சேமித்துக்கொண்டும் இருந்தது. மாக்ஸிம் போ குழு, 37 பேரிடம், சிலருக்குப் பத்து ஆண்டு வரை சேர்ந்த அந்த எண்ணிக்கையை 2018-இல் விரித்துப் போட்டது. ஸ்பைக்கின் எண்ணிக்கை நாள்தோறும் ஏறி இறங்குகிறது. அதற்குமேல் வாரக்கணக்கில், பெரும்பாலும் 20 முதல் 30 நாளுக்கு ஒரு முறை, இன்னொரு பெரிய அலையாக ஏறி இறங்குகிறது. பெண்களுக்கு மட்டுமல்ல, ஆண்களுக்கும். வலிப்பு வருவது அந்தப் பெரிய அலை ஏறிக்கொண்டிருக்கும் நாட்களில். காட்மன் நாட்கணக்கில் பார்த்தபோது தெரியாமல் போனது, மாதக்கணக்கில் பார்த்தபோது தெரிந்துவிட்டது. அமாவாசை, பௌர்ணமி என்று கிராமத்தில் சொல்வதைச் சிரித்துத் தள்ளிய நாம், நிலாவுக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் 'மாசத்துக்கு ஒருதரம் வரும்' என்ற அவர்களின் கணக்கை மட்டுமாவது குறித்துவைத்திருக்கலாம். 2021-இல் அதே ஆய்வாளர்கள், சிலருக்கேனும் மூன்று நாள் முன்னதாகவே ஆபத்தான நாட்களைச் சொல்ல முடிவதைக் காட்டினார்கள்.

இது எல்லாமே மருந்துக்கு அடங்காத, மூளைக்குள் கருவி வைத்துக்கொண்டவர்களின் கதை. மண்டையைத் திறக்காமல் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைத்து மாதக்கணக்கில் பதியும் மெல்லிய கருவிகள் இப்போது வரத் தொடங்கியிருக்கின்றன; அவை மலிவாகும் வரை நமக்குக் கையில் இருப்பது அந்த அரைமணிதான். அதை எடுக்கும்போது சீட்டில் தேதிக்குப் பக்கத்தில், கடைசியாக வலிப்பு வந்து எத்தனை நாளாயிற்று என்ற ஒரு வரி சேர்த்தாலே போதும். அடுத்த முறை எந்த வாரத்தில் எடுப்பது என்று முடிவுசெய்ய ஒரு பிடி கிடைக்கும்.